இரண்டு பேர் இழுக்கும் கல்

கடலூரில் செம்மண்டலத்தைத் தாண்டி ஆற்றுப் பக்கம் திரும்பும் சாலையின் கடைசியில் கார் நின்றது. எழிலன் உடனே இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் பார்ப்பது வீட்டை அல்ல என்று அவன் மனைவி இசைவாணிக்குத் தெரியும். வீட்டுக்குப் பின்னால் மேடாக ஏறிப்போன கோல்ஃப் புல்வெளியைத்தான் அவன் பார்த்தான். பிறகு, இடப்பக்கம் பச்சை வலைக்கு அப்பால் தெரிந்த செம்மண் டென்னிஸ் மைதானத்தை.

குறிஞ்சிப்பாடியிலிருந்து பேருந்தில் வந்து படித்த காலத்தில் இந்த வேலிக்கு வெளியே நின்று அவன் பந்து போகும் வழியைப் பார்த்திருக்கிறான். ஒருமுறை காவலாளி கல்லெடுத்து விரட்டியும் இருக்கிறார். இப்போது செம்மங்குப்பத்தில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். இந்த வீட்டை வாங்குகிறவருக்கு இரண்டு கிளப்பிலும் உறுப்பினர் இடம் உண்டு என்று தரகர் சொன்ன அன்றே அவன் வேறு வீடு பார்ப்பதை நிறுத்திவிட்டான்.

அது 2010ஆம் ஆண்டு, ஆவணி மாதம்.

வீடு நன்றாகத்தான் இருந்தது. காற்று வந்தது, வெளிச்சம் வந்தது. மைதானத்துக்குத் தண்ணீர் தெளிக்கும்போது ஈரமண் வாசனை சமையலறைவரை வந்தது. ஆறு வயது சுவேதா நேராகப் பின்பக்கம் ஓடினாள். வேப்பமரத்தடியில் எதையோ கண்டு, "அம்மா, இங்க ஒரு பெரிய கல்லு படுத்திருக்கு" என்று கூப்பிட்டாள்.

மைதானத்தைச் சமப்படுத்தும் கல் உருளை அது. ஒரு ஆள் குறுக்கே படுத்தால் எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலம். பாதி மண்ணில் புதைந்திருந்தது. அதன் இரும்புச் சட்டத்தின் முனையில் குறுக்காக நீண்ட கைப்பிடி. அந்தக் கைப்பிடியை யாரோ சங்கிலி போட்டு மரத்தோடு பூட்டியிருந்தார்கள்.

இவ்வளவு கனமான கல்லை யார் தூக்கிப்போகப் போகிறார்கள் என்று எழிலன் சிரித்தான். மறுவாரமே ஆட்களை வைத்துச் சங்கிலியை அறுத்து, கடப்பாரையால் நெம்பிக் கல்லை வெளியே எடுத்தான். சரிவாக இறங்கிய பின்பக்கத்தில் கோல்ஃப் மைதானத்தைப் போலவே புல்தரை போட வேண்டும் என்பது அவன் ஆசை. கல்லைப் புரட்டியபோது அடியில் இருந்த மண் கறுத்திருந்தது. புழு, பூச்சி எதுவும் இல்லை.

புரட்டாசியில், போட்ட புல் பச்சை பிடித்திருந்த நேரத்தில், ஆயுத பூஜை வந்தது. இசைவாணி வீட்டில் இருந்த கருவி ஒன்றையும் விடவில்லை. கார், ஸ்கூட்டர், மிக்ஸி, கத்தரிக்கோல், எழிலனின் புது டென்னிஸ் மட்டை, சுவேதாவின் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். பொரியும் கடலையும் படைத்தாள். தட்டோடு பின்பக்கம் வந்தபோது சுவேதாதான் கையை நீட்டினாள்.

"அதுக்கு வைக்கலியேம்மா. பாவம்."

அதுவும் கருவிதானே. இசைவாணி கல்லின் நெற்றியில் வைப்பதுபோல நடுவில் ஒரு பொட்டு வைத்தாள். கைப்பிடியின் இரு முனைகளிலும் சந்தனம் தடவிக் குங்குமம் இட்டாள். ஒரு பிடி பொரியை அதன் முன்னால் போட்டாள்.

பூஜை செய்த கருவிகளை அன்று தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமியன்று ஒவ்வொன்றையும் எடுத்துக் கொஞ்சமாவது வேலை செய்ய வைக்க வேண்டும். அவள் மறுநாள் காலை புத்தகத்தைத் திறந்து சுவேதாவை ஒரு வரி படிக்க வைத்தாள். கத்தரிக்கோலால் துணி வெட்டினாள். மிக்ஸியை ஓட்டினாள். கல்லை மறந்துபோனாள்.

உச்சி வெயிலில் அவள் சாதம் வடித்துக்கொண்டிருந்தாள். வெளியே மைதானத்தில் யாரும் இல்லை. காக்கைகூடக் கத்தவில்லை.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

மண்ணை மெல்லுவதுபோல ஒரு நறநறப்பு. நடுவில் இரும்பின் முனகல். பிறகு மறுபடி நறநறப்பு.

அவள் பின்கதவைத் திறந்தாள். கல் மரத்தடியில் இல்லை. புல்தரையின் மறுகோடியில் நின்றது. அது வந்த வழியெங்கும் புல் பாய் விரித்ததுபோலப் படிந்திருந்தது. கைப்பிடியின் வலப்பக்கம் அவள் வைத்த குங்குமம் அப்படியே இருந்தது.

இடப்பக்கத்தில் இருந்தது கலைந்திருந்தது. இறுக்கிப் பிடித்த ஒரு கையின் நான்கு விரலும் அதில் தெரிந்தன.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் புது உறுப்பினர்களுக்குத் தேநீர் கொடுத்தார்கள். செயலாளர் ராஜாமணி எழிலனின் தோளைத் தட்டி, உங்க பக்கத்து ஆளுங்களுக்குக் கை உரம் ஜாஸ்தி, டென்னிஸ் சீக்கிரம் வந்துரும் என்றார். எழிலன் அதற்கும் சிரித்தான். இசைவாணிக்கு முகம் சுண்டியது. பேச்சை மாற்ற அவள் அந்தக் கல்லைப் பற்றிக் கேட்டாள்.

"அதுவா?" என்றார் ராஜாமணி. "ரெண்டு ஆளு இழுக்குற கல்லும்மா அது. அப்ப உங்க பின்பக்கம் கிளப்போட எடம். ஒரு ஆயுத பூஜை அன்னிக்குக் கூட்டாளி வரல. மறுநாள் மேட்ச். சடையப்பன்னு ஒருத்தன் தனியா இழுத்தான். சரிவுல கல்லு அவனை முந்திக்கிச்சு." அவர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தார். "எடுக்கறப்ப நம்ம கோர்ட்டு மாதிரியே இருந்தான். அவ்ளோ சமம்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"அன்னிக்கு அவரை யாரு இழுக்கச் சொன்னது?" என்று இசைவாணி கேட்டாள்.

ராஜாமணி பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டு வேறு மேசைக்குப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் எழிலனிடம் சொன்னாள். கல்லை யாருக்காவது கொடுத்துவிடலாம், முடியாவிட்டால் வீட்டையே விற்றுவிட்டுச் சிதம்பரத்தில் தங்கை வீட்டருகே போய்விடலாம் என்றாள். குழந்தை அந்தப் புல்லில்தான் நாள் முழுக்க விளையாடுகிறது, தனக்குப் பயமாக இருக்கிறது என்றாள். அவன் ஷூவின் செம்மண்ணைத் தட்டிக்கொண்டே கேட்டான். கோபப்படவில்லை.

"வாணி, வேலிக்கு இந்தப் பக்கம் வர எனக்கு எவ்ளோ வருஷம் ஆச்சு தெரியுமா? ஒரு கல்லுக்குப் பயந்துகினு மறுபடி அந்தப் பக்கம் போயி நிக்கச் சொல்றியா?"

அதற்குப் பிறகுதான் அவன் உள்ளங்கைகளில் கொப்புளம் வரத் தொடங்கியது. மட்டை பிடிப்பதால் என்றான். ஆனால் மட்டையை ஒரு கையால்தான் பிடித்தான். கொப்புளம் இரண்டு கையிலும் இருந்தது.

எழிலனுக்கு இரவு வேலை இருந்த வாரம். பகலில் தூங்குவான். ஒரு நண்பகல் அவள் தண்ணீர் கொடுக்கப் போனபோது கட்டில் காலியாக இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

அவன் கல்லை இழுத்துக்கொண்டிருந்தான்.

வெற்றுடம்பு. லுங்கியைத் தூக்கிக் கட்டியிருந்தான். கைப்பிடியின் வலக்கோடியைப் பிடித்து, உடம்பை முன்னால் சாய்த்து நடந்தான். ஒருவர் ஒரு முனையை மட்டும் பிடித்து இழுத்தால் கல் பக்கவாட்டில் திரும்ப வேண்டும். அது திரும்பவில்லை. கைப்பிடி தராசுக்கோல்போல மட்டமாக நின்றது. கல் கோடு போட்டாற்போல நேராக வந்தது.

இடப்பக்கத்தில் யாரும் இல்லை. ஆனால் அங்கேயும் புல் அடிக்கு அடி அமுங்கியது.

நிழலில் படுத்திருந்த தெருநாய், சுவேதா தினமும் பிஸ்கட் போடும் நாய், எழுந்து உறுமியது. ஓடியிருக்கலாம். ஏனோ ஓடாமல் இடப்பக்கத்து வெற்றிடத்தைப் பார்த்துக் குரைத்தபடி பின்வாங்கிச் சுவரில் முட்டி நின்றது. இசைவாணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக் கத்தினாள். எழிலன் திரும்பவில்லை. நாயின் ஊளை பாதியில் அறுந்தது. எலும்பு நொறுங்கும் சத்தம் காய்ந்த சுள்ளி ஒடிவதுபோல ஒவ்வொன்றாகக் கேட்டது. கல் சுவரை உரசிக்கொண்டு போய், திரும்பி வந்தது. அதன் ஒரு பக்கம் சிவப்பாக இருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் புல்லில் ஒரு சிவப்புக் கறை அச்சுப்போல விழுந்தது. ஒவ்வொரு கறையும் முந்தியதைவிட மங்கலாக.

அன்று மாலை அவனுக்கு எதுவும் நினைவில்லை. நாயைப் பார்த்து வாந்தியெடுத்தான். உட்கார்ந்து அழுதான். கடைசியில், மேட்ச் முடியட்டும், வர்ற வாரம் போயிடலாம் என்றான். உறுப்பினராக அவன் ஆடப்போகும் முதல் ஆட்டம் சனிக்கிழமை இருந்தது.

ஒரு ஆட்டம்தானே என்று அவளும் விட்டாள்.

வெள்ளிக்கிழமை நண்பகல் சுவேதாவுக்குப் பள்ளி அரை நாள். இசைவாணி சாமான் கட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை பொம்மையோடு கூடத்தில் இருந்தாள். மறுபடி பார்த்தபோது பொம்மை மட்டும் இருந்தது.

நறநறவென்ற சத்தம் ஏற்கெனவே தொடங்கியிருந்தது.

சுவேதா புல்தரையின் நடுவில் மல்லாந்து படுத்திருந்தாள். கண் திறந்திருந்தது. யாரோ படுக்கவைத்தாற்போலக் கைகள் உடம்போடு ஒட்டியிருந்தன. சரிவின் மேலிருந்து எழிலன் கல்லோடு இறங்கிக்கொண்டிருந்தான். உள்ளங்கை கிழிந்து முழங்கைவரை ரத்தம் வழிந்தது.

இசைவாணி ஓடிப்போய் மகளைத் தூக்கினாள்.

தூக்க முடியவில்லை.

அந்தச் சின்ன உடம்பு கல்லைப்போலக் கனத்தது. தலைக்கடியில் கை கொடுத்தாள், அக்குளில் கை கொடுத்தாள். பிள்ளையின் முடி மண்ணோடு ஒட்டியிருந்தது. கல்லின் நிழல் சுவேதாவின் காலைத் தொட்டது.

"ஏங்க, வுடுங்க. நம்ம பாப்பாங்க."

அவன் வாய் திறந்தது. பேச்சு வரவில்லை, மூச்சுதான் வந்தது. கண்கள் மட்டும் அவளை அடையாளம் கண்டு கெஞ்சின. கைகள் கைப்பிடியில் இறுகின.

வேலியோரம் கடப்பாரை கிடந்தது. அவள் அதை எடுத்தாள்.

முதல் அடி அவன் வலது கை விரல்கள்மேல் விழுந்தது. கைப்பிடி அதிர்ந்தது. அவன் விடவில்லை. அவள் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. மறுபடி அடித்தாள். மணிக்கட்டு வேறு திசையில் மடங்கியது. இடது கையை அடித்தபோது எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தது. அவள் தன் புருஷன் பேரைச் சொல்லிச் சொல்லி அடித்தாள். கடைசியில் அவன் கைகள் கழன்றன. கைப்பிடி பக்கவாட்டில் சாய்ந்தது. கல் மகளை விட்டு விலகித் திரும்பியது.

திரும்பிய பக்கம் எழிலன் விழுந்திருந்தான்.

அவன் வலது தொடைவரை ஏறிய பிறகுதான் அது நின்றது. அவன் அலறல் கேட்டுக் கிளப் காவலாளி வேலி தாண்டி வந்தார். இசைவாணியின் மடியில் சுவேதா இப்போது இறகுபோலக் கிடந்தாள். தூங்கி எழுந்தவள்போல, பசிக்குதும்மா என்றாள்.

*

சிதம்பரம் மருத்துவமனையின் எலும்பு முறிவு வார்டில் ஜன்னலோரக் கட்டில். வலது காலைத் தொடையோடு எடுத்துவிட்டார்கள். இரண்டு கைகளிலும் மாவுக்கட்டு. கல் உருண்டு நடந்த விபத்து என்று இசைவாணி சொன்னாள். எல்லோரும் நம்பினார்கள். சுவேதா, இசைவாணியின் தங்கை தமிழ்ச்செல்வியின் வீட்டில் பத்திரமாக இருந்தாள். இனி இவன் கண் திறந்தால் போதும், மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று அவள் கட்டிலருகே காத்திருந்தாள்.

ஒரு நண்பகலில் அவன் கண் திறந்தான்.

அவளைப் பார்த்ததும் பதறிப்போய் எழுந்து உட்காரப் பார்த்தான். கட்டுப் போட்ட கைகளை நெஞ்சுக்கு நேரே குவித்தான்.

"படுத்துக்கினு இருக்கேன்னு கோச்சிக்காதீங்கம்மா."

எழிலனின் வாய்தான், எழிலனின் குரல்தான். ஆனால் அவன் ஒருநாளும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. இவ்வளவு பணிந்து அவன் யாரிடமும் பேசியதில்லை.

"என்னங்க, நான் வாணி."

"தெரியும்மா. பொட்டு வெச்சுப் பொரி போட்டீங்களே." அவன் கண்கள் கலங்கின. "அத்தினி வருஷம் ஒருத்தரும் என்னைக் கேக்கலம்மா. பொழுதுக்கும் இழுத்துக்கினே கெடந்தேன். மாத்து ஆளு வராம கைய எடுக்க முடியாது. இப்ப வந்துட்டாரு."

"யாரு?"

அவன் பதில் சொல்லக் கூச்சப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். சற்று நேரத்தில் அப்படியே தூங்கிப்போனான். வெகுநாள் தூங்காத ஒருவனின் தூக்கம்.

இசைவாணி வராந்தாவுக்கு வந்தாள். கை தானாகவே கைப்பேசியில் கடலூர் வீட்டு எண்ணை அழுத்தியது. வீடு பூட்டிக் கிடந்தது. சாவி அவள் இடுப்பில் இருந்தது.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

பிறகு யாரோ எடுத்தார்கள்.

குரல் இல்லை. பாரம் இழுக்கும் ஒருவரின் மூச்சு மட்டும் கேட்டது. பல வருஷம் தன் கழுத்தருகே கேட்டுத் தூங்கிய மூச்சு.

"ஏங்க" என்றாள்.

மூச்சு நின்றது.

அவள் காத்திருந்தாள். பிறகு, எங்கோ தூரத்தில் யாரோ அதட்டியதுபோல ஒரு சத்தம். மூச்சு மறுபடி இழுக்கத் தொடங்கியது.