தையல்காரர் தைத்த மூட்டைகள்

கயிறு போட்டுக் கட்டிய மூட்டைகள் அவை. கொத்தனார் வீட்டில் மணலுக்கா பஞ்சம்? காலையில் அவர் அள்ளிக் கொட்ட, இழுத்து இழுத்து முடிச்சுப் போட்டவள் அவர் மனைவி; அந்த எரிச்சல் இன்னும் விரலில் இருந்தது. இப்போது பார்க்கிறாள், ஒன்றில்கூடக் கயிறு இல்லை. எல்லா மூட்டையும் கோணி ஊசியால் நெருக்கித் தைக்கப்பட்டிருந்தது, கண்ணுகளா.

வெள்ளம் வருமென்று பின்வாசலைச் செங்கல் வைத்துப் பூசி, ஜன்னல் கம்பிக்கு வெளியே தார்ப்பாய் கட்டிவிட்டுத்தான் கொத்தனார் தன் அம்மாவைக் கூட்டிவரப் போயிருந்தார்.

"யாரு தட்டினாலும் மூட்டைய நகர்த்தாதே. எங்கம்மா வந்து தட்டினா மட்டும் யோசி."

"அப்பவும் யோசிக்கத்தான் செய்வேன்" என்று சிரித்தபடி, முன்கதவுக்கு உள்ளே மூட்டைகளை அடுக்கியிருந்தாள்.

போன வெள்ளத்தில் இவள் வீட்டுக்கு மூட்டை தைத்துக் கொடுத்தவர் பக்கத்து வீட்டுத் தையல்காரர். பேத்தி நூல் கோத்துத் தர, முப்பது மூட்டை. தன் வீட்டுக்கு ஒன்று தைக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. அன்று இருட்டியதும் பேத்தியோடு வந்து இவள் கதவைத் தட்டினார்.

"பேத்தியையாவது வாங்கிக்கம்மா. இடுப்பு வரைக்கும் வந்துருச்சு."

"கொஞ்சம் பொறுத்துக்குங்கண்ணே. இப்பத் திறந்தா தண்ணி உள்ள வந்துரும்."

இரண்டு பேர் உடலையும் தெருமுனையில்தான் எடுத்தார்கள். இவள் வீட்டில் மறுநாள் தரை துடைக்கிற வேலைகூட இல்லை.

இப்போது குளியலறையில் ஏதோ கொப்பளித்தது. சாக்கடைத் துவாரத்தில் அவள் திணித்திருந்த துணிமூட்டை, மூச்சு வாங்குகிற வயிறு போல ஏறி இறங்கி, ஊறிய கோணியின் புளித்த வாடையோடு மெதுவாக வெளியே வந்து விழுந்தது. அதன் பின்னால் கறுப்பாக, சத்தமே இல்லாமல், தண்ணீர் நடைவழியில் நடந்து வந்தது. காலால் அழுத்தினாள். பாயைச் சுருட்டி அடைத்தாள். முழங்காலுக்கு வந்துவிட்டது.

"அம்மா, கட்டில் ஆடுது" என்றாள் உள்ளறையிலிருந்து மகள். நான்கு வயது.

குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு முன்கதவுக்கு ஓடினாள். மேல் மூட்டையை இழுத்தாள். வரவில்லை. அடுத்தது. அதுவும் இல்லை. ஒன்றோடு ஒன்று தைத்திருந்தது. கதவோடு தைத்திருந்தது.

தண்ணீர் இடுப்பில்.

ஜன்னல் கம்பிக்குள் கைவிட்டுத் தார்ப்பாயைக் குத்தினாள், கீறினாள். ஒரு சாண் கிழிந்தது. சாயங்கால வெளிச்சம் கண்ணைக் குத்தியது.

தெரு காய்ந்து கிடந்தது. புழுதி. எதிர்வீட்டுக் கொடியில் யாருடைய சட்டையோ காற்றில் படபடத்தது.

"யாராவது வாங்க! கதவை உடைங்க! குழந்தையையாவது வாங்கிக்குங்க!"

கிழிசலுக்குக் கீழே, வெளியே ஜன்னலை ஒட்டி, யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"கொஞ்சம் பொறுத்துக்கம்மா" என்றது பழகிய குரல். கோபமே இல்லை அதில். "இப்பத் திறந்தா தண்ணி வெளிய வந்துரும்."

"தாத்தா, நூல் கோத்துட்டேன்" என்றது ஒரு சின்னக் குரல்.

தண்ணீர் நெஞ்சில். மகளின் கால்விரல்கள் நனைந்தன.

கிழிசலின் ஓரத்தில் வளைந்த ஊசி முனை உள்ளே வந்தது. வெளியே போனது. மறுபடி வந்தது. ஒவ்வொரு தையலுக்கும் ஒரு விரற்கடை வெளிச்சம் குறைந்தது.