ஜோடி இல்லாத நீல பிளக்

பரந்தாமன் செத்துப்போன காருக்குள் தலையை நுழைத்திருந்த மெக்கானிக் பால்ராஜ்... அப்படியே உறைந்தான்!

டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு சின்ன நீல பிளக். இரண்டு ஒயர்கள். எதிலும் மாட்டாமல் தொங்கியது.

'ஐயோ... மாட்ட மறந்துட்டேனா?'

நேற்று ஏசியைச் சுத்தம் செய்ய அந்த டேஷ்போர்டைப் பிரித்தவன் அவன்தான். இன்று காலை குமணன்சாவடி அருகே, அந்த ஜப்பான் கார் ஓடும்போதே அணைந்தது. பின்னால் வந்த லாரி மோதியது. பரந்தாமன் அங்கேயே காலி!

"பாத்தீங்களா மேடம்!" ஸ்டேஷன் வாசலில் கத்தினான் கலியமூர்த்தி. செத்தவரின் மச்சான். அவருடைய அம்பத்தூர் பட்டறையில் கூட்டாளி. "பிளக்க அவுத்து உட்டு எங்க மாமாவ கொன்னுட்டான்!"

இன்ஸ்பெக்டர் தாட்சாயிணி குனிந்து பார்த்தாள். "இன்னா பால்ராஜ்?"

"நான்தான் மேடம்... என்ன உள்ள போட்டுடுங்க." மறுபடி டேஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டுத் துழாவினான். "ஆனா... இதோட ஜோடியக் காணோமே!"

"ஜோடியா?"

"பிளக்குன்னா எதிர் பிளக் ஒண்ணு இருக்கணும் மேடம். தேடித் தேடிப் பாத்துட்டேன். இல்ல!"

ஒயர்களைத் தடவிக்கொண்டே போனான். ஒன்று பாடியில் எர்த். மற்றது... எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டிக்கு!

ஹார்பரில் வெளிநாட்டு வண்டி பார்க்கும் மெக்கானிக் எப்போதோ சொன்னது பொறிதட்டியது.

"மேடம்! இது டெஸ்ட் கனெக்டர்! எப்பவுமே சும்மாதான் தொங்கும். வண்டிகிட்ட கேள்வி கேக்கறதுக்குன்னே வச்சது!"

"கேளேன், பாக்கலாம்."

ஒயர் துண்டால் இரண்டு பின்களையும் இணைத்தான். சாவியைத் திருப்பினான். ஸ்டார்ட் செய்யவில்லை. மீட்டரில் மஞ்சள் விளக்கு...

மினுக்! மினுக்! மினுக்! மினுக்!

இடைவெளி. மறுபடியும் நான்கு!

"நாலுன்னா... அந்த ஹார்பர் மெக்கானிக் சொன்ன கணக்குப்படி, எஞ்சின் சுத்தறதக் கவனிக்கிற சென்சார் மேடம். அது போச்சுன்னா வண்டி பட்டுனு அணைஞ்சிடும்!"

கலியமூர்த்தி பதறினான். "டிஸ்ட்ரிபியூட்டர் பின்னாடி கீற ஒயரா? எலி கடிச்சிருக்கும், உடு நைனா!"

தாட்சாயிணி மெல்லத் திரும்பினாள்.

"பானெட்டே இன்னும் தொறக்கலயே... ஒயர்தான் போச்சுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

பானெட் திறந்தது. பிளேடால் அறுத்து, ஒரே ஒரு இழை மட்டும் விட்டிருந்த ஒயர்! ரோட்டுக் குலுக்கலில் அந்த இழையும் அறுந்திருந்தது.

"நேத்து என் ஷெட்லேந்து வண்டிய எடுத்துகினு போனது நீதானே!" பால்ராஜின் கண் கலங்கியது. "சாவிய என் கையாலயே குடுத்தேனே... பாவி!"

கலியமூர்த்தியின் கையில் விலங்கு ஏறியது.

"எப்டி கண்டுபுடிச்சேன்னு எங்க ஆளுங்களுக்கும் சொல்லுப்பா," என்றாள் தாட்சாயிணி.

"ஜோடி இல்லாத பிளக்கத் தேடணும். ஒரு ஒயர் எர்த்துக்கும் இன்னொண்ணு கம்ப்யூட்டருக்கும் போவுதான்னு பாக்கணும். ரெண்டையும் சேத்து, சாவியப் போட்டு, மினுக்கறத எண்ணணும். அவ்ளோதான் மேடம்!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு கலியமூர்த்தியைப் பார்த்தான்.

"காரு வாயத் தொறக்க ஒரு ஒயர் துண்டாவது வேணும். அண்ணாத்தைக்கு அதுகூட வாணாம்!"