தோற்ற வழக்குக்கு ஒரு பில்

"டாக்டர்...?"

இடது கையால் அழைப்பு மணியை அழுத்தினாள்.

பெர்னிஸ் சோப்சாக் இடது தோளால் கதவைத் தள்ளினாள். வலது தோள் இரண்டு வருடமாக அவள் பேச்சைக் கேட்பதில்லை. ஃப்ளூ தடுப்பூசி... ஊசி தசையைத் தாண்டி மூட்டுக்குள் இறங்கிவிட்டது. அதற்கு முன் ஸ்க்ரான்டனில் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். இப்போது தலை வாரவே பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட வேண்டும்.

"டாக்டர் விட்லோ! நாலு மணிக்கு வரச் சொன்னீங்களே!"

நிலவறைக் கதவு திறந்து கிடந்தது.

எட்டிப் பார்த்தாள்.

படிகளின் அடியில்... குப்புற... அசையாமல்...

அலறினாள்!

இருபது நிமிடத்தில் டிடெக்டிவ் கொரின் வாஸ்கோ வந்தாள். குனிந்து பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள்.

"குப்புற விழுந்தவருக்குப் பின்மண்டையில அடி! விழல... விழ வெச்சிருக்காங்க. செத்தது மதியம் ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல."

பெர்னிஸ் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"உங்களை ஏன் வரச் சொன்னார்?"

"என் நஷ்ட ஈட்டுக் கேஸ்ல அவர்தான் நிபுணர் சாட்சி, மேடம். போன வாரம் தோத்துட்டோம். நிபுணர் அறிக்கை போதலைன்னு ஜட்ஜ் எழுதிட்டார். இன்னிக்குக் காலையில டாக்டர் போன் பண்ணிக் கொதிச்சார். 'வக்கீலுக்கு ரெண்டாவதா விரிவா ஒரு அறிக்கை அனுப்பினேனேம்மா! அதைப் பத்தித் தீர்ப்புல ஒரு வரி இல்லையே!'ன்னார். வக்கீல் ஆபீஸுக்கும் பேசியிருக்கார்."

"யார் வக்கீல்?"

"வெண்டல் ப்ரூயிட். ஆலன்டவுன்ல."

மறுநாள் காலை வாஸ்கோ ஆலன்டவுனில் இருந்தாள்.

வெண்டல் ப்ரூயிட் டையைத் தளர்த்தினார். மேஜை முழுக்க ஃபைல்கள். ஃபைல்களுக்கு நடுவே பாதி தின்ற சாண்ட்விச்.

"விட்லோவைப் பார்த்து ஆறு மாசம் ஆச்சு. போன்லகூடப் பேசல."

"ஆனா உங்க ஆபீஸுக்கு நேத்து நாலு நிமிஷம் பேசியிருக்காரே?"

வாசல் பக்கத்து மேஜையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. உதவியாளர் மேவிஸ் ஹார்ட். பதினாறு வருடமாக ப்ரூயிட்டின் வலது கை.

"நான்தான் எடுத்தேன், மேடம். சாருக்கு லைன் கொடுத்தேனே... சார் மறந்துட்டார் போல."

"மேவிஸ்! எனக்கு எங்க கொடுத்தே?"

"கோபப்படாதீங்க சார். வேலை ஜாஸ்தி... மறந்திருப்பீங்க."

வாஸ்கோ இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நேத்து மதியம் எங்க இருந்தீங்க, ப்ரூயிட்?"

"வீட்ல. தலைவலி."

"கூட யாரு?"

"...யாருமில்ல."

சந்தேகம் இருந்தது. சாட்சி இல்லை.

ஐந்து வாரம் ஓடியது. வாஸ்கோவுக்குத் தூக்கம் போனது. பென்சில் பென்சிலாகக் கடித்துத் துப்பினாள்.

ஒரு காலை... பெர்னிஸ் பனி ஒட்டிய பூட்ஸோடு ஸ்டேஷனுக்குள் ஓடிவந்தாள். கையில் ஒரு கத்தைக் காகிதம்.

"மேடம்! வக்கீல் கோர்ட்ல கேட்டிருக்கிற செலவுக் கணக்கு! எனக்கு ஒரு காப்பி வந்துச்சு."

"கேஸ்தான் தோத்துப் போச்சே?"

"தடுப்பூசிக் கேஸ்ல அப்படித்தான் மேடம். நியாயமான காரணத்தோட போட்ட கேஸ்னா, தோத்தாலும் வக்கீல் ஃபீஸ், நிபுணர் ஃபீஸ் எல்லாம் சர்க்கார் கொடுக்கும். எனக்கு ஒரு சென்ட் கிடையாது. அவங்க பார்த்த வேலையை ஆறு ஆறு நிமிஷமாக் கணக்கு எழுதிக் கேப்பாங்க. இந்த வரியைப் பாருங்க!"

வாஸ்கோ படித்தாள்.

நவம்பர் 14. நிபுணர் விட்லோவை அவரது வீட்டில் சந்தித்தது. மதியம் 2.18 முதல் 3.00 வரை. வெண்டல் ப்ரூயிட்.

கொலை நடந்த நாள்... கொலை நடந்த நேரம்!

"இதுல இன்னொண்ணு," என்றாள் பெர்னிஸ். "டாக்டர் நாப்பத்தோரு மணி நேரம் வேலை பார்த்ததா எழுதியிருக்கு. என்கிட்ட அவரே பதினொண்ணுன்னு சொன்னார், மேடம்."

மூன்று மணி நேரம் கழித்து ப்ரூயிட் வாஸ்கோவின் எதிரே உட்கார்ந்திருந்தார். வியர்வை மோவாயில் சொட்டியது.

"உங்க கையெழுத்துதானே?"

"ஆ... ஆமா. ஆனா நான் போகவே இல்ல!"

"டாக்டர் வீடு இருக்கிற ஸ்க்ரான்டனுக்குப் போற டோல் சாலையில, காசு கட்டற உங்க கார் டேக் பதிவாயிருக்கு. அந்த ரசீதையும் பில்லோட இணைச்சிருக்கீங்க. போகாமலேயா?"

"மேவிஸ்தான் பில் எழுதுவா! நானூறு கேஸ்... நான் படிக்காமலே கையெழுத்துப் போடுவேன்!"

"ஜட்ஜ்கிட்ட பொய் பில்லா?"

ப்ரூயிட் தலையைப் பிடித்துக்கொண்டார். கொலைகாரனா... மோசடிக்காரனா... இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்!

"மோசடின்னே எழுதிக்கங்க! எத்தனையோ பில்லை ஊதியிருக்கேன். போகாத ஊருக்குப் போனதா எழுதியிருக்கேன். ஆனா கொலை... சத்தியமா இல்ல! அந்த டேக் ஆபீஸ் டிராயர்ல கிடக்கும். உள்ளூர்ல அது எனக்கெதுக்கு?"

வாஸ்கோவின் வாயில் இருந்த பென்சில் கீழே விழுந்தது.

டிராயர்!

டோல் நிலையத்துக்கு போன் பறந்தது...

மறுநாள் மாலை மூன்று மணி. மேவிஸ் ஹார்ட் சாவகாசமாக உள்ளே வந்தாள். கோட்டைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சாருக்கு எதிரா வாக்குமூலம் கொடுக்கணும்னா தயார், மேடம். மனசு வலிக்குது... ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்கே!"

"ரொம்ப நல்லது." வாஸ்கோ ஒரு புகைப்படத்தை நகர்த்தினாள். "டோல் சாலை கேமரா எடுத்தது. 14ஆம் தேதி, மதியம் ஒண்ணு ஐம்பத்திரண்டு. டேக் அவரோடது. கார் யாரோடது, மேவிஸ்?"

மேவிஸ் பார்த்தாள். நம்பர் பிளேட். அவளுடைய நம்பர் பிளேட்!

முகம் சுண்ணாம்பானது.

"அதிகப்படி முப்பது மணி நேரத்துக்கான காசு டாக்டர் பேர்ல இருக்கிற ஒரு பேங்க் கணக்குக்குப் போகும். தொறந்தது நீங்க. இந்தக் கேஸ் மட்டும் இல்ல... ஆறு வருஷமா! உங்க மேஜையைத் தொறந்து பார்த்தோம். டாக்டரோட ரெண்டாவது அறிக்கை அங்க இருக்கு. 'பதினொரு மணி நேரம் ஆய்வு செய்தேன்'னு முதல் பக்கத்துலயே எழுதியிருக்கார். அது கோர்ட்டுக்குப் போனா உங்க நாப்பத்தொண்ணு நாறிடும். அதான் பதுக்கினீங்க."

"யாருமே எண்ணிப் பார்க்கல..." மேவிஸின் குரல் கிணற்றிலிருந்து வந்தது. "அந்தக் கிழவர் ஒருத்தர்தான்... ஜட்ஜுக்கு எழுதுவேன்னார். கெஞ்சினேன். திரும்பி நிலவறைப் பக்கம் நடந்தார்... பின்னாலேயே போனேன்..."

"டோல் காசு மிச்சம்னு முதலாளியோட டேக்கை எடுத்துட்டுப் போனீங்க; அப்புறம் பழியைப் போட அவர் பேர்லயே ஒரு வரி எழுதிட்டீங்க. அவர் படிக்காம கையெழுத்துப் போடுவார்னு தெரியும்."

வாஸ்கோ போனை எடுத்தாள்.

"பெர்னிஸ்? உங்க டாக்டரோட அறிக்கை கிடைச்சாச்சு. உங்க தோள் போனதுக்கு அந்த ஊசிதான் காரணம்னு இருபத்தெட்டு பக்கம் எழுதியிருக்கார். ஜட்ஜுக்கு அனுப்பிட்டேன். கேஸை மறுபடி எடுக்கச் சொல்லி நீங்க மனு போடலாம்."

மறுமுனையில் பெர்னிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம்.

"அப்ப... நான் பொய் சொல்லலைன்னு எழுத்துல இருக்கா, மேடம்?"

"இருக்கு."

பெர்னிஸ் அழுதாள். சிரித்தாள். இரண்டும் சேர்ந்து கேட்டது.

வாஸ்கோ போனை வைத்தாள். மேவிஸ் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இனிமே ஒரு வார்த்தை பேசமாட்டேன். எனக்கு வக்கீல் வேணும்!"

வாஸ்கோ சுவரைத் தட்டிக் காட்டினாள்.

"அடுத்த அறையில விலங்கோட ஒரு வக்கீல் சும்மாதான் உக்காந்திருக்கார்... பிரயாணச் செலவு மிச்சம்!"