முக்கொம்புக்குப் போன பிள்ளைகள்

"மேடம்... உங்க குடை என் எழுத்தையெல்லாம் குடிச்சிட்டு இருக்கு."

ஜாஹ்னவி குனிந்து பார்த்தாள். லால்குடி பஸ். வெளியே மழை, உள்ளே ஈர மனிதர்கள். திருவானைக்காவலில் ஏறியவளுக்கு உட்கார இடமில்லை. குடையை எதிர் சீட்டின் கம்பியில் மாட்டிவிட்டு நின்றிருந்தாள். அதிலிருந்து வழிந்த தண்ணீர், அந்த சீட்டில் இருந்தவனின் மடியில் விரிந்திருந்த சார்ட் பேப்பரில் சொட்டிக்கொண்டிருந்தது. ஸ்கெட்ச் பேனாவில் பெரிதாக எழுதிய அ, ஆ, இ, ஈ...

"ஐயோ, ஸாரி! அழிஞ்சிடுச்சா?"

"ஃ போயிடுச்சு. ஔ இழுத்துக்கிட்டு இருக்கு."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அவனை அழகன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சவரம் செய்து நாலு நாள் ஆன முகம். ஆனால் கண்கள்... மழைக்கு முந்தின நேரத்து ஆற்றுத் தண்ணீர் மாதிரி, கறுத்து, அசையாமல், உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல்.

"எல்கேஜி சாரா நீங்க?"

"எட்டாவது."

"எட்டாவதுக்கா அ, ஆ?"

"ஆமாங்க. நீங்க உட்காருங்க, நான் நிக்கிறேன்."

"பரவாயில்ல. நிப்பேன்."

எட்டாம் வகுப்புக்கு எதற்கு அ, ஆ? அவளுக்குள் அது குறுகுறுத்தது. ஒரு விஷயம் புரியாவிட்டால் ஜாஹ்னவிக்குச் சோறு இறங்காது. அதனால்தான் இந்த வேலைக்கே வந்தாள். மாநில அளவில் பள்ளிகளுக்கு நடக்கும் அடைவுத் தேர்வின் மதிப்பெண்களை மாவட்டத்துக்காக அலசிக் கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனம். எந்தப் பள்ளி மேலே, எது கீழே, இடைவெளி ஏன்... இதுதான் அவள் பிழைப்பு.

கொள்ளிடம் பாலத்தில் போன் அடித்தது. அலுவலகத் தோழி ஹாஜிரா.

"ஆமாடி, கடைசி இடம் வாங்கின ஸ்கூலுக்குத்தான் போயிண்டிருக்கேன்... ஏன் கடைசியா? வாத்தியார் கிளாஸ்ல தூங்குவார் போலிருக்கு, வேறென்ன!"

சீட்டில் இருந்தவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான். மெல்லக் குறட்டை வேறு விட்டான்.

லால்குடிக்கு முந்தின நிறுத்தத்தில் அவள் இறங்கினாள். பின்னாலேயே அவனும் இறங்கினான்.

"வாங்க மேடம். தூங்கி எழுந்துட்டேன்."

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மழை நல்லவேளையாகப் பலத்தது.

அவன் பெயர் அறிவுமதி. தற்காலிக ஆசிரியர். பள்ளி இந்த முறையும் கடைசி என்று மாவட்டக் கூட்டத்தில் அறிவித்துவிட்டால் அடுத்த வருஷம் அவனைக் கூப்பிட மாட்டார்கள். இதை அவன் சொல்லவில்லை, தலைமையாசிரியை டோரதி சொன்னார். அவன் வகுப்பில் இருந்தான்.

ஜாஹ்னவி கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாள். எங்கே தூக்கம்? அவன் நிற்கவே இல்லை. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்குக் கணக்கைக் கொடுத்துவிட்டு, அழகம்மாள் என்ற பெண்ணின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். செங்கல் சூளைகளில் ஊர் ஊராக வளர்ந்தவள். போன வருஷம்தான் இங்கே சேர்ந்தாள். வயசுக் கணக்கில்தான் எட்டாவது. கரைந்துபோன அந்த சார்ட் அவளுக்காகத்தான்.

"இவளும் அடைவுத் தேர்வு எழுதினாளா?" மதிய இடைவேளையில் ஜாஹ்னவி கேட்டாள்.

"பேர் எழுதினா. அதுக்கே பாதி நேரம் ஆச்சு. அப்புறம் அழுதா. நான் பக்கத்துல உட்கார்ந்துகிட்டேன்."

"தெரிஞ்சே ஏன் எழுத வெச்சீங்க? உங்க சராசரி விழுந்ததே இவங்களாலதானே?"

"இவ என் கிளாஸ் பொண்ணு. இவளை விட்டுட்டு என் கிளாஸுக்கு என்னங்க சராசரி?" அவன் டிபன் பாக்ஸை மூடினான். "நீங்க ஆராய்ச்சி பண்றவங்க, நீங்களே சொல்லுங்க. படிக்கத் தெரியாத பசங்க திருச்சி ஜில்லாவுல எங்க ஸ்கூல்ல மட்டும்தான் இருக்காங்களா? மத்த ஸ்கூல் பசங்க அன்னைக்கு எங்க போனாங்க?"

"எங்க?"

"பாதி ஸ்கூல்ல லீவு போடச் சொல்லிட்டாங்க. முதல் இடம் வாங்கின ஸ்ரீரங்கம் ஸ்கூல் இன்னும் ஒரு படி மேல. படிக்க வராத பசங்களுக்கு மட்டும் அன்னைக்கு முக்கொம்பு அணைக்கு டூர்! எங்க அக்கா பொண்ணு அனிஷா அங்கதான் படிக்கிறா. அவளும் போனா. வந்து என்கிட்ட கேக்கறா... 'மாமா, நல்லாப் படிக்கிற யாரையும் ஏன் டூருக்குக் கூட்டிட்டுப் போகல?' நான் என்னத்தைச் சொல்ல? அந்த ஹெட்மாஸ்டர் சரியான திருடன்ங்க."

ஜாஹ்னவிக்குப் புளியோதரை ஞாபகம் வந்தது. தேர்வு நாளன்று காலையில் அம்மா பெரிய அடுக்கு நிறைய புளியோதரை கிளறினாள். ஸ்கூல் பசங்க முக்கொம்பு போறா... என்றாள். உப்பு பார்த்துச் சொன்னது ஜாஹ்னவிதான். அவ்வளவு மதிப்பெண்களை அலசியவளுக்கு, எழுதாமல் போனவர்கள் யார் என்று ஒரு தடவைகூடக் கேட்கத் தோன்றவில்லை. இருந்தவர்களை மட்டுமே எண்ணியிருந்தாள்.

"அவர்... எங்க அப்பா," என்றாள்.

அறிவுமதி சட்டென்று எழுந்தான். அவள் குடையை விரித்துக்கொண்டு நடந்தாள்.

அன்று சாயங்காலம் ஸ்ரீரங்கம் உத்தர வீதி வீட்டில் அப்பா ஜனார்தன் சாய்வு நாற்காலியில் இருந்தார்.

"அப்பா, அவாளை முக்கொம்புக்கு ஏன் அனுப்பினேள்?"

அவர் மறைக்கவில்லை. "முட்டை மார்க் வாங்கிண்டு ஆத்துக்குப் போய் அப்பா அம்மாகிட்ட அடி வாங்கணுமா? ஒரு நாள் ஆத்தங்கரையில சந்தோஷமா இருக்கட்டும்னு நெனச்சேன். ஸ்கூல் பேரும் நிக்கும். இதுல என்னடி தப்பு?"

"அதுல ஒரு பொண்ணு அவ மாமாகிட்ட கேட்டாளாம்ப்பா. நல்லாப் படிக்கிறவா யாரும் ஏன் வரலைன்னு."

அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அம்மா வத்ஸலா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"திங்கட்கிழமை கூட்டத்துல இதைச் சொல்லப் போறியா?" என்றார் அப்பா.

"தெரியலைப்பா."

தெரியத்தான் இல்லை. சொல்லாவிட்டால் அப்பா முதலிடத்திலேயே இருப்பார், அறிவுமதி வீட்டுக்குப் போவான். சொன்னால் ஸ்ரீரங்கம் முழுக்க அப்பாவைப் பற்றிப் பேசும். இதற்கு நடுவில் அந்தக் கறுத்த கண்கள் வேறு ஏன் வந்து வந்து போகின்றன? அவன் ஒரு போன் செய்திருக்கலாம். டோரதியிடம் நம்பர் கொடுத்துவிட்டுத்தான் வந்தாள். செய்யவில்லை. ரோஷக்காரன்...

திங்கட்கிழமை. கூட்டம் நிறைந்திருந்தது. முன் வரிசையில் அப்பா, பின் வரிசையில் டோரதியும் அவனும். ஜாஹ்னவி மைக் முன்னால் நின்றாள்.

"தேர்வு எழுதாத பிள்ளைங்களையும் சேர்த்துப் பார்த்தா, இந்த வரிசை நிக்காது," என்றாள். "முதல் இடம் வாங்கின பள்ளியில..." குரல் நடுங்கியது. அவள் நிறுத்தவில்லை. அப்பாவின் பள்ளிப் பெயரைச் சொன்னாள்.

மாவட்டக் கல்வி அதிகாரி அப்பாவின் பக்கம் திரும்பினார். "சார், இது நிஜமா?"

ஜனார்தன் எழுந்தார். மேல்துண்டைச் சரிசெய்தார். "நிஜம்தான். பின்தங்கினவாளை முக்கொம்புக்கு அனுப்பினேன். என் பொண்ணு சொல்றது சரி."

எல்லாப் பள்ளிகளையும் மறுபடி பார்க்க உத்தரவானது. அறிவுமதியின் வேலை தப்பியது. அப்பாதான் வீட்டில் அவளோடு பேசுவதை நிறுத்தினார். காபி வேண்டும் என்றால்கூட, "வத்ஸலா, அவகிட்ட கேளு," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை, தூறலில் நனைந்துகொண்டு அறிவுமதி வாசலில் வந்து நின்றான். சவரம் செய்திருந்தான்.

"சாரைப் பார்க்கணும்ங்க."

உள்ளே வந்து அப்பாவின் முன்னால் நின்றான். "சார், உங்களைத் திருடன்னு சொல்லிட்டேன். உங்க பொண்ணுகிட்டயே. தப்பு. மன்னிச்சிடுங்க."

"சொன்னேளா?" அப்பா அவனை மேலும் கீழும் பார்த்தார். "இவ அதை எங்கிட்ட சொல்லவே இல்லையே."

ஜாஹ்னவி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"உட்காருங்கோ. ஒண்ணு கேக்கணும். படிக்கத் தெரியாத பொண்ணை எழுத வெச்சேளாமே... அப்புறம் ஸ்கூலுக்கு வந்தாளா?"

"மறுநாளே வந்தா சார். முதல் ஆளா."

அப்பா உள்பக்கம் திரும்பி, பல நாள் கழித்து முதல் தடவையாக, "ஜானு, காபி கொண்டா. அவருக்கும்," என்றார்.

வழியனுப்ப அவள் வீதி முனைவரை வந்தாள். கோபுரத்தின் மேல் தூறல் விழுந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் நனைந்தார்கள், இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை.

"மன்னிப்பு கேக்க மட்டும்தான் வந்தீங்களா?"

"இல்ல."

"பின்னே?"

அவன் தெருவைப் பார்த்தான், பிறகு அவளை. "அன்னைக்கு மைக்ல உங்க குரல் நடுங்கிச்சு. நீங்க நிறுத்தல. நான் பின்னாடி உட்கார்ந்து... இவங்களை விட்டுட்டா எனக்கு வேற யாரும் கிடைக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்."

அவளுக்குக் காது சுட்டது. "போன்கூடப் பண்ணல நீங்க."

"உங்க அப்பாவைத் திருடன்னு சொல்லிட்டு என்னன்னு பண்ண?" அவன் தயங்கினான். "எங்க வீட்ல ஞாயித்துக்கிழமைன்னா கறிக்குழம்புங்க. உங்க அப்பா காபி கொடுத்தாரு. பொண்ணு கொடுப்பாரான்னு தெரியாது."

"அவர் கேப்பார். நிறையக் கேப்பார். பதில் சொல்லுவீங்களா?"

"சொல்றேன். நீங்க ஒரு பதில் சொல்லுங்க. உங்களுக்கு...?"

எப்போது ஆரம்பித்தது என்று அவள் தேடிப் பார்த்தாள். ஏன் என்றும் தேடிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, காரணம் தெரியாமலே ஒன்று சரி என்று தெரிந்தது.

"ஆமா," என்றாள் ஜாஹ்னவி. "எனக்கும்தான்."