பதினேழாம் டோக்கன்

கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய டோக்கன், மறுபடியும் சுவர்ப் பலகையில் தொங்கிக்கொண்டிருந்தது. பித்தளை வட்டம், நடுவில் பதினேழு. இந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை. பெட்டியின் சாவியோ அவள் இடுப்பில் இருந்தது.

அவள்தான் அங்கே பொறுப்பாளர். மூடி நாற்பது வருஷமான ரயில் பணிமனையைத் தூசு தட்டி, நாளை மாலை அருங்காட்சியகமாகத் திறக்கவேண்டும். சாதாரண நாளிலேயே மூக்குநுனியில் கோபத்தோடு நடக்கிறவள். நடுவில் நின்ற கரி எஞ்சினைப் பார்த்துக் கத்தினாள்.

"டேய், விளையாட்டுக்கும் ஒரு அளவு வேணாமா?"

எஞ்சினுக்கு அடியில், பழுது பார்ப்பதற்காக வெட்டிய ஆளுயரக் குழி. அதற்குள் விளக்கு மாட்டிக்கொண்டிருந்தான் அவள் தம்பி, எலக்ட்ரீஷியன்.

"நான் எங்கக்கா தொட்டேன்? காலையிலேர்ந்து எலி மாதிரி இந்தப் பொந்துலதான் கிடக்கேன்."

பொய் சொல்கிறான் என்று நினைத்தாள். அப்படி நினைப்பதுதான் சௌகரியமாக இருந்தது.

பலகைக்கு மேலே, அவளே புதுசாக எழுதவைத்த பழைய விதி. 'குழியில் இறங்குகிறவர் தன் டோக்கனை மாட்டிவிட்டு இறங்கவும். மாட்டியவரே கழற்றவும். பலகை காலியானால்தான் எஞ்சின் நகரும்.' பணிமனையை முதலில் திறந்த அன்று, நாற்பது ஆணிகளில் ஒன்றில் மட்டும், கறுத்துப்போய், இந்தப் பதினேழு தொங்கியது. மற்றவர்கள் எல்லாரும் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். ஒருவன் இறங்கினான், ஏறவில்லை என்றுதானே அதற்கு அர்த்தம்? அவளுக்கு அது உறைக்கவில்லை. நல்ல காட்சிப்பொருள் கிடைத்தது என்று கழற்றிப் பாலிஷ் போட்டுவிட்டாள். பெயின்டர்கள் மறுநாளே ஏணியைக்கூட எடுக்காமல் போனார்கள்.

இப்போதும் வெடுக்கென்று கழற்றினாள். உள்ளங்கையில் அது ஈரமாக இருந்தது. தகரக் கூரையில் காலையிலிருந்து குமுறிக்கொண்டிருந்த புறாக்கள் ஒரே நேரத்தில் அடங்கின. மழைக்குக் கறுத்த நாலு மணி வெளிச்சம் ஜன்னல்களில் இன்னும் சுருங்கியது. நாற்பது வருஷத்துக்கு முன் காய்ந்துபோன எண்ணெய், இப்போதுதான் கொட்டியதுபோலச் சூடாக மணந்தது.

எங்கேயோ இரும்பு முனகியது.

பார்த்தாள். முதல் நாள், அவள் டோக்கனைக் கழற்றுவதற்கு முன்பே பெயின்டர்கள் தரையில் போட்ட வெள்ளைக் கோட்டின்மேல்தான் முதலில் சக்கரம் நின்றது. இன்று காலை கோட்டைத் தாண்டி மூன்று ஜாண். யாரோ கோட்டைத் தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று திட்டியிருந்தாள்.

முதல் நாள் ஒன்று. இந்த வாரம் இரண்டு. மூன்று தடவை கழற்றியிருக்கிறாள். மூன்று ஜாண்.

இது நான்காவது.

அவள் கண்ணெதிரிலேயே சக்கரம் நகர்ந்தது. தடுப்பாக வைத்த மரக்கட்டை அதற்கு அடியில் மாவாக நொறுங்கியது.

"மேல வாடா."

"இரு அக்கா. சக்கரத்துக்கு நடுவுல தலைய விட்டு ஒயர் கட்டுறேன். ரெண்டே நிமிஷம்."

"வாடான்னா!"

"வர முடியலக்கா. ஏதோ இறுக்குது. நீ எதையாவது தொட்டியா?"

அம்மா சாகும்போது கையைப் பிடித்து ஒப்படைத்துவிட்டுப் போன பிள்ளை. பலகைக்கு ஓடினாள். டோக்கனை மாட்டப் பார்த்தாள். கை தவறியது. மறுபடி தவறியது. மாட்டினாள்.

எஞ்சின் நின்றது.

அப்பாடா என்று மூச்சு விட்டாள். அப்போது குழியின் அந்தக் கோடியில், படிகளில், பூட்ஸ் சத்தம். ஒரு படி. இன்னொரு படி.

"தம்பி? நீயாடா?"

"நான் இன்னும் இங்கதான்க்கா இருக்கேன்." குரல் எஞ்சினுக்கு அடியிலிருந்தே வந்தது. "தலை மாட்டிக்கிச்சு."

பூட்ஸ் நெருங்கியது. அவள் திரும்பவில்லை. கரி வாடை. வியர்வை. முதுகுக்குப் பின்னால் நின்றது.

தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. இஸ்திரி போட்டதுபோல நசுங்கித் தட்டையான விரல்கள். அவளைத் தொடவில்லை. பதினேழை நிதானமாகக் கழற்றியது, தன் இடத்துக்கு ஆள் வந்தபிறகு வீட்டுக்குக் கிளம்புகிறவனைப் போல.

பூட்ஸ் வாசலைத் தாண்டிப் போனது.

நாற்பது ஆணிகள். எல்லாம் காலி.

"அக்கா," என்றான் தம்பி. "யாருக்கா வண்டியத் தள்ளுறது?"