கேபிளின் நீளம்

அணைந்திருக்க வேண்டிய விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பெரிதாக ஒன்றுமில்லை, கடுகளவு பச்சைப் புள்ளி. கேபிள்கள் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டியின் முகப்பில் வரிசையாக இருக்கும் போர்ட்டுகளில் கடைசி போர்ட்டின் தலைமேல் அது எரிந்தது. அந்த போர்ட்டில் செருகியிருந்த மஞ்சள் கேபிள் தரைக்கு அடியில் இறங்கி, இரண்டு கட்டடங்களையும் இணைக்கும் சுரங்கப் பாதையில் ஓடி, பழைய கட்டடத்தில் போய் முடிகிறது. பழைய கட்டடத்தில் இப்போது எதுவுமே இல்லை. போன வாரம்தான் அங்கிருந்த இயந்திரங்களையெல்லாம் கழற்றி லாரியில் ஏற்றினார்கள், மின்சாரத்தையும் துண்டித்துவிட்டார்கள். எதிர்முனையில் ஆளே இல்லாத போனில் யாரோ ‘உம்’ கொட்டுவது போல அந்த விளக்கு எரிந்தது.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றவளை அந்த மருத்துவமனையில் எல்லாரும் அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் கணவனின் தம்பி அங்கேயே கேபிள் வேலை பார்த்தான். அவன் கூடம் அதிர அண்ணி அண்ணி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அது மற்றவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. அவளைவிடப் பத்து வயது மூத்த மேலாளர்கூட, “அண்ணி, ஸ்கேன் படம் திறக்கலையாமே” என்றுதான் போன் செய்வார். நோயாளிகளின் எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் சேமிப்புப் பெட்டிகளில் இருக்கும், டாக்டர்கள் பார்க்கும் கணினிகள் வேறு இடத்தில் இருக்கும், இரண்டுக்கும் நடுவில் நின்று வழிவிடுவது இந்த ஸ்விட்ச். அதைக் கட்டி மேய்ப்பது அவள் வேலை. மாமியாருக்கு இதெல்லாம் புரியாது. மருமகளுக்கு ஆஸ்பத்திரியில் ஸ்விட்ச் போடுகிற வேலை, அதற்குப் போய் இவ்வளவு சம்பளம் தருகிறார்கள் என்று பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை மதியம். ஸ்விட்சின் மென்பொருளைப் புதுப்பிக்க வந்திருந்தாள். ஓடுகிற வண்டியை நிறுத்தாமல் சக்கரம் மாற்றுகிற காரியம் அது, மேலே அறுவை சிகிச்சைக் கூடத்தில் யாருக்கும் ஒரு படம்கூடத் தடைபடக் கூடாது. நல்லபடியாகவே முடிந்தது. ஸ்விட்ச் ஒருமுறை கண்ணயர்ந்து எழுந்தது போல விளக்குகள் சிமிட்டி, பிறகு எல்லாம் பச்சையாயின. கூடவே அந்தக் கடைசி விளக்கும்.

மடிக்கணினியில் பார்த்தாள். எந்தக் கருவியைச் செருகினாலும் அது முதலில் தன் பெயரைச் சொல்லியாக வேண்டும், சொல்லாததை ஸ்விட்ச் உள்ளே விடாது. கடைசி போர்ட்டுக்கு நேரே பெயர் இருக்கும் இடம் வெறுமையாக இருந்தது. ஆனால் ஏதோ ஒன்று உள்ளே வந்திருந்தது. எந்த ஜோனிலும் அது சேர்க்கப்படவில்லை. ஒரே ஜோனில் இருப்பவைதான் ஒன்றையொன்று பார்க்க முடியும், ஜோனில் இல்லாதது குருடும் ஊமையுமாகக் கிடக்க வேண்டியதுதான். அந்த மட்டில் படங்களுக்கு ஆபத்தில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

புதிய மென்பொருளில் ஒரு வசதி இருந்தது. போர்ட்டிலிருந்து ஒளியை அனுப்பி, அது எதிர்முனையில் மோதித் திரும்பி வரும் நேரத்தை வைத்து, அந்த முனை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடும். சோதித்தாள். அறுநூறு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. சுரங்கத்தின் நீளம் சரியாக அவ்வளவுதான். யாரோ எதையோ அங்கே செருகி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தாள்.

கொழுந்தன் பக்கத்து வரிசையில் பழைய கேபிள்களை உருவிச் சுருட்டிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னாள். அங்கே முனையை மூடிவைத்தவனே தான்தான் என்றும், பேய் வந்து செருகினால்தான் உண்டு என்றும் சொல்லிச் சிரித்தான். ஆனாலும் வாக்கிடாக்கியை இடுப்பில் மாட்டிக்கொண்டு கிளம்பினான். போகிற போக்கில், வீட்டில் அம்மா சாப்பாட்டை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், சீக்கிரம் முடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். கண்ணாடிக் கதவு அவன் பின்னால் மெத்தென்று மூடிக்கொண்டது.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. நூறு மின்விசிறிகள் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருக்கும். அந்த இரைச்சலுக்குள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தால் யாரோ தூரத்தில் பேசுவது போலவும், பேச்சை நிறுத்திவிட்டு நாம் கேட்கிறோமா என்று பார்ப்பது போலவும் இருக்கும். சூடான பிளாஸ்டிக் வாசனையும் குளிர்காற்றின் இரும்பு வாசனையும் அவளுக்குப் பழகிப்போனவை. இன்று அவற்றோடு இன்னொன்றும் கலந்திருந்தது. வெகுநாள் திறக்காத தொட்டியின் வாசனை.

சும்மா இருக்க முடியாமல் இன்னொரு முறை சோதித்தாள். நானூற்றுச் சொச்சம் என்றது திரை.

கேபிள் குறையுமா? இழுத்தால் நீளுவதற்கு அது ரப்பர் அல்ல, துவைத்தால் சுருங்குவதற்குத் துணியும் அல்ல. வேறொரு போர்ட்டில் சோதித்துப் பார்த்தாள், அது சரியாகக் காட்டியது. மறுபடியும் கடைசி போர்ட்டுக்கு வந்தாள்.

முந்நூற்றுப் பத்து.

கை தானாகப் போனை எடுத்தது. மேலாளர் ஏதோ கல்யாண மண்டபத்தில் இருந்தார் போல, பின்னால் ஒரே சத்தம். புது மென்பொருள் என்றால் கோளாறு இருக்கத்தான் செய்யும், அந்த போர்ட்டைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போங்கள், திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம், இல்லாத ஊருக்கு ஏன் வழி தேடுகிறீர்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். 

அப்போது வாக்கிடாக்கி கரகரத்தது.

“வந்து சேந்துட்டேன் அண்ணி. இங்க ஒண்ணுமே இல்ல.”

“கேபிள் முனை?”

“சுவத்துல தொங்குது. நான் போட்ட மூடி அப்படியே இருக்கு.”

அவள் திரையைப் பார்த்தாள். பச்சைப் புள்ளியைப் பார்த்தாள். அந்த முனையில் ஒன்றும் செருகவில்லை என்றால், பெயர் சொல்லாமல் உள்ளே வந்தது எங்கிருந்து வந்தது?

“வழியில ஏதாவது பாத்தியா தம்பி?”

“என்னத்தைப் பாக்குறது? ஒரே இருட்டு. பழகின வழிதானே, டார்ச் எதுக்குன்னு சுவத்தோரமா ஓடுற கேபிள் தட்டைப் பிடிச்சுக்கிட்டே வந்துட்டேன்.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான். “நடுவுல ஒரு இடத்துல மட்டும் தட்டு சூடா இருந்துச்சு. வெயில்ல நிறுத்தின வண்டி சீட்டு மாதிரி. கையை எடுத்துட்டேன்.”

 அவன் நடந்துபோன நேரத்தையும் திரையில் வந்த எண்களையும் அவள் மனம் தானாகவே ஒட்டிப் பார்த்தது. அவன் அந்தப் பக்கம் போயிருக்கிறான். அது இந்தப் பக்கம் வந்திருக்கிறது. நடுவில் ஒரு இடத்தில், இருட்டில், இருவரும் தோளுரசிக் கடந்திருக்கிறார்கள்.

மேலாளர் சொன்னதைச் செய்தாள். போர்ட்டைப் பூட்டினாள். பச்சைப் புள்ளி அணைந்தது, அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது போலிருந்தது. உடனே அவனைத் திரும்பி வரச் சொன்னாள். பழைய கட்டடத்தின் வாசல்களில் சங்கிலி போட்டிருந்தார்கள், சுரங்கத்தை விட்டால் வருவதற்கு வேறு வழியில்லை. தட்டைத் தொடாதே, டார்ச்சைப் போட்டுக்கொண்டு வா என்று இரண்டு முறை சொன்னாள். அக்கறையாகத்தான் சொன்னாள்.

அவன் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வருவது வாக்கிடாக்கியில் விட்டுவிட்டுக் கேட்டது. பிறகு பாட்டு நின்றது.

“அண்ணி, யாரையாவது இங்க அனுப்பினீங்களா?”

“இல்லையே.”

“எதிர்ல யாரோ வர்றாங்க.” குரல் தணிந்திருந்தது. “நடக்குற சத்தம் இல்ல. எதையோ இழுத்துக்கிட்டு வர்ற மாதிரி...”

 அவள் போர்ட்டின் பூட்டைத் திறந்து ஒளியை அனுப்பினாள். முந்நூற்று எழுபது. கூடியிருந்தது. இவளை விட்டுத் திரும்பி அவனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மறுபடி அனுப்பினாள். முந்நூற்று அறுபது. மறுபடி. முந்நூற்று நாற்பது. கையை எடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு சிறிது பொறுத்தாள். அதன் பின் ஒரே ஒரு முறை அனுப்பினாள். முந்நூற்றுத் தொண்ணூறு.

புரிந்துவிட்டது. ஒளி அனுப்பினால் இங்கே வருகிறது. அனுப்பாவிட்டால் அங்கே போகிறது, அவன் கையிலிருக்கும் டார்ச்சை நோக்கி.

“தம்பி, டார்ச்சை அணை.”

“என்ன சொல்றீங்க? இருட்டுல...”

“கேள்வி கேக்காதே. அணைச்சிட்டு வந்த வழியே திரும்பிப் போ. ஜன்னலை உடைச்சாவது வெளிய போ. பேசாதே.”

வாக்கிடாக்கி மௌனமாகியது. அவன் சொன்னதைக் கேட்டானா, இல்லை கேட்க முடியாத நிலையில் இருக்கிறானா என்று தெரியவில்லை. இந்த வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்தவள் அவள். சின்னவனைக் கண் பார்வையிலேயே வைத்துக்கொள் என்று மாமியார் சொன்னதற்குத் தலையாட்டியவளும் அவள். இந்த நிமிடம் எழுந்து, கதவைத் திறந்து, வெயிலுக்கு ஓடிவிடலாம். ஓடினால் அது இந்தப் பக்கம் வர வேண்டிய அவசியமில்லை.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சோதனையை அழுத்தினாள்.

முந்நூறு. 

மறுபடி. மறுபடி. இருநூற்று நாற்பது. குழந்தைக்கு விளையாட்டுக் காட்டுவது போல, இங்கே பார், இங்கே பார் என்று ஒளியை அனுப்பிக்கொண்டே இருந்தாள். நூற்று எண்பது. அது வேகம் பிடித்துவிட்டது. நூற்றுப் பத்து. தொட்டி வாசனை தொண்டைவரை வந்தது.  எழுபது. இது கட்டடத்துக்குள் ஏறும் வளைவு. நாற்பது. வாக்கிடாக்கியில் மூச்சுகூட இல்லை. ஒரு வார்த்தை, தம்பி. ஒரே வார்த்தை.

இருபது.

“அண்ணி!” காற்று இரைந்தது, எங்கோ வண்டி ஹாரன் கேட்டது. “வெளிய வந்துட்டேன். கையில கொஞ்சம் கண்ணாடி கிழிச்சிருச்சு, அவ்வளவுதான். நீங்க அங்க இருக்காதீங்க. நான் ஓடி வர்றேன்.”

அவள் விசையிலிருந்து விரலை எடுத்தாள். போர்ட்டைப் பூட்டினாள். பச்சைப் புள்ளி அணைந்தது.

பிறகு தானாக எரிந்தது.

திரையில் புதிதாக ஒரு வரி ஓடியது. தூரச் சோதனை தொடங்கியது. அவள் விரல் விசையின்மேல் இல்லை. இரண்டு முனைகளில் எதிலிருந்தும் சோதனையைத் தொடங்கலாம் என்பது அவளுக்குத் தெரியும். இந்த முறை எதிர்முனை தொடங்கியிருந்தது. அவள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறாள் என்று இப்போது அது அளந்துகொண்டிருந்தது.

மூன்று மீட்டர்.

எழுந்தாள். எழுந்த கால் அங்கேயே நின்றது. அந்த அறையின் தரை மெய்யான தரை அல்ல. முழங்கால் உயர இரும்புக் கால்கள்மேல் பரப்பிய பலகைகள், அடியில் கேபிள்களும் குளிர்காற்றும் ஓடும். அவளுக்கும் கதவுக்கும் நடுவில் இருந்த பலகை ஒன்று விரலளவு உயர்ந்தது. நிதானமாகத் தன் இடத்தில் உட்கார்ந்தது. அடுத்த பலகை உயர்ந்தது. உட்கார்ந்தது. இந்தப் பக்கமாக.

திறந்த மடிக்கணினியோடு மெல்ல நாற்காலியில் அமர்ந்தாள். 

சில நிமிடங்களில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே கொழுந்தன் வந்து நின்றான். மூச்சிரைத்தது, முழங்கையில் ரத்தம். அவளைப் பார்த்துச் சிரிக்க வாயெடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான். அவன் பார்வை அவள் முகத்திலிருந்து இறங்கியது. நாற்காலிக்கு அடியில் போய் நிலைத்தது. அவன் முகம் வெளுத்துப் போவது கண்ணாடி வழியாகவே தெரிந்தது. கதவைத் திறக்கவில்லை. அசையாதீர்கள் என்று உள்ளங்கையைக் காட்டினான். மற்ற கையால், கண்ணை எடுக்காமலே, வெளிச் சுவரில் அறை விளக்கின் பொத்தானைத் தடவித் தேடினான்.

அவள் கீழே பார்க்கவில்லை. 

காலடிப் பலகையில் சல்லடைத் துளைகள் இருந்தன. குளிர்காற்று எப்போதும் அவற்றின் வழியே மேலே வரும். இப்போது நின்றிருந்தது. பிறகு எதிர்த்திசையில் போகத் தொடங்கியது. மெதுவாக. ஆழமாக. சேலையின் கரை பாதத்தை விட்டு விலகி, துளைகளை நோக்கி இழுபட்டது. 

அவன் விளக்கை அணைத்தான்.

இருட்டு விழுந்தது. இயந்திர வரிசைகளில் பச்சைப் புள்ளிகள் மட்டும். கதவோரத்து வரிசையில் ஒன்று அணைந்தது. பக்கத்தில் இன்னொன்று. வரிசை வரிசையாக, யாரோ ஊதி அணைப்பது போல, அவளை நோக்கி அணைந்துகொண்டே வந்தன. விசிறிகள் அடங்கின. கண்ணாடிக்கு அப்பால் அவன் இரண்டு கைகளையும் விரித்து, புத்தகத்தை மூடுவது போல, மூடுங்கள், மூடுங்கள் என்று சைகை செய்துகொண்டிருந்தான்.

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கை எழவில்லை. மடியில் மடிக்கணினி திறந்திருந்தது. அந்த அறை முழுவதிலும் வெளிச்சமாக இருந்தது அவள் முகம் மட்டும்தான்.