ஒன்பது குழிகளும் ஒரு தலைநகரமும்

"ஐயோ, மிதிக்காதீங்க!"

சுசுனா தூக்கிய காலோடு நின்றாள். அவள் பூட்ஸுக்குக் கீழே, ஈர மண்ணில் சுண்ணாம்பால் ஒரு வட்டம்...

"இது எங்க நிலம். எங்க வேணும்னாலும் மிதிப்பேன்!"

"மேல உங்க நிலம்தான். அரை மீட்டர் கீழே பேரரசரோட தலைநகரம்" என்று சிரித்தான், குழிக்குள் நின்றவன். மழைக்கு முந்தைய வானம்போல் கண்கள்.

"பத்தே வருஷம் இருந்த தலைநகரம்... அதுக்கு இவ்வளவு அலட்டலா?"

"ஆயிரத்து இருநூறு வருஷமா தூங்குதே, பாவம். மெதுவா நடங்க."

ஜப்பானின் பழைய தலைநகரமான நாகாவோகாக்யோவில் கட்டடம் எழும்புவதென்றால் இப்படித்தான். நகராட்சி ஆட்கள் முதலில் தோண்டிப் பார்த்து, வரைந்து, மூடித் தர வேண்டும். அப்புறம்தான் அஸ்திவாரம். அப்பாவின் நூடுல்ஸ் கடைக்காகத் தச்சர் காத்திருந்தார். ஒன்றும் கிடைக்கக் கூடாது என்று அப்பா தினமும் கோயிலில் ஊர் வழக்கப்படி கைதட்டி வேண்டிக்கொண்டார்.

ஆனால் குழிக்குள் நின்று சிரித்த அந்த மினேகிஷிக்குக் கிடைத்துவிட்டது. வரிசையாக ஒன்பது தூண் குழிகள்! பிரபு ஒருவரின் மாளிகையாக இருக்கலாமாம். வேலை இரண்டு வாரம் நீண்டது.

"அந்தக் குழிக்காரனுக்குத் தண்ணிகூடக் குடுக்காதே!" என்று கத்திய அப்பா, அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

சுசுனா தண்ணீர் கொடுக்கவில்லை. தினமும் மூன்று மணிக்குப் பார்லி டீ கொடுத்தாள்.

ஒரு நாள், கடைசிக் குழி மட்டும் கோணலாக இருப்பதைப் பார்த்தாள். ஒன்பதையும் எண்ணினாள். எல்லாமே அவள் போட்ட குழிகள்! அப்பா ஒசாகாவில் வேலை பார்த்த கோடையில், விடுமுறை வீட்டுப்பாடத்துக்காகப் பன்னிரண்டு வயதில் போட்ட வெள்ளரிப் பந்தல்... கல் தடுத்ததால் கோணல்.

சொன்னால் அப்பாவின் கடை எழும்பும். ஆனால் இவன் போய்விடுவானே...

நான்கு நாள் வாயைத் திறக்கவில்லை. சனிக்கிழமை நகராட்சி ஏற்பாட்டில் ஊரே குழிகளைப் பார்க்க வரும்; அவன் எல்லோர் முன்னாலும் வெள்ளரிப் பந்தலை மாளிகை என்பான். வெள்ளிக்கிழமை மழையில் ஓடிவந்து, நீலத் தார்ப்பாய்க்குக் கீழே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

மினேகிஷி பையிலிருந்து ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறையை எடுத்தான். உள்ளே பச்சை நைலான் கயிற்றுத் துண்டு.

"நேத்து குழி அடியில கிடைச்சுது. பேரரசர் காலத்துல நைலான் ஏது? நாளைக்குக் கூட்டம் ரத்து. ஆபீஸ்ல நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

"அப்போ... ஏன் இன்னும் மூடல?"

"இன்னிக்கே மூடியிருக்கலாம். மழைன்னு சாக்கு சொல்லிட்டேன்... மூணு மணி டீக்காக."

அப்பாடா! நான்கு நாள் பாரம் இறங்கியது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"திங்கள்கிழமை மூடிடுவோம். செவ்வாய்க்கிழமை உங்க அப்பா முன்னாடி தலை குனிஞ்சு மன்னிப்பு கேட்கிறேன்."

"கரண்டியைத் தூக்கிட்டு வருவார்."

"வரட்டும். சுசுனா... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

"எனக்கும்..." என்றாள். மழைச் சத்தத்தில் கேட்டிருக்காதோ என்று, இன்னொரு முறை சத்தமாகவே சொன்னாள்.